போர் அதிர்ச்சியால் வேலை இழந்த முன்னாள் படைவீரர் உதவி கேட்பதை எங்கிருந்து தொடங்குவது?

14 ஆண்டுகள் படையில் இருந்து வெளியே வந்த உங்கள் அண்ணன், நான்கே ஆண்டுகளில் மூன்றாவது வேலையையும் இழந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக வேலை பார்த்த கிடங்கில், பின்னாலிருந்து தோளைத் தொட்ட மேற்பார்வையாளரின் கையை உதறித் தள்ளி, உரத்த குரலில் கத்தி, "இனி வரமாட்டேன்" என்று அன்றே கிளம்பிவிட்டார். இரவில் தூக்கமில்லை, குடி கூடியிருக்கிறது, மருத்துவரிடம் போகலாம் என்றால் எழுந்து வெளியே போய்விடுகிறார். எங்கே தொடங்குவது, உதவித்தொகை ஏதும் கிடைக்குமா, அந்த மேற்பார்வையாளரிடம் நீங்களே பேசி விளக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று குறிப்பிடாததால், எங்கும் பொருந்துவதை முதன்மையாகச் சொல்லி, சில நாடுகளின் ஏற்பாடுகளை எடுத்துக்காட்டுக்கு மட்டும் தொடுகிறேன். முன்னாள் படைவீரர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்.

எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதுதான் முதல் கேள்வியாக எல்லோருக்கும் தோன்றும். என் அனுபவத்தில் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அண்ணனின் வேலை எப்படிப் போனது என்பதை நினைவு மங்குவதற்குள் தாளில் ஏற்ற வேண்டும். வேலையின்மை உதவி, ஊனமதிப்பீடு, தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு, சிகிச்சை ஆகிய நான்கு இடங்களிலும் அந்த ஒரு விவரம்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படும். நான்கு இடங்களிலும் அது ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். "கோபத்தில் வேலையை விட்டார்" என்று ஓரிடத்தில் பதிவாகி, "நோயின் காரணமாக வேலை செய்ய முடியவில்லை" என்று இன்னோரிடத்தில் பதிவானால், இரண்டாவதை நம்ப வைக்க ஆண்டுக்கணக்கில் போராட நேரும். கோபத்தில் விட்டதும் உண்மை, நோயால் விட்டதும் உண்மை என்பதே இங்குள்ள சிக்கல். அந்தக் கோபம் நோயின் ஒரு முகம் என்பதை யாராவது எழுத்தில் காட்டாதவரை, படிப்பவருக்கு முதல் உண்மை மட்டுமே கண்ணில் படும்.

நீங்கள் விவரித்த காட்சியையே எடுத்துக்கொள்வோம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., என்பதற்கு மருத்துவம் நான்கு வகை அறிகுறிகளைச் சொல்கிறது: நடந்தது கனவாகவும் நினைவாகவும் அழையாமல் வந்து நிற்பது; அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது; தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எண்ணம் இருண்டு, உணர்வு மரத்துப்போவது; உடல் எப்போதும் விழிப்பு நிலையிலேயே இருந்து, சிறு ஓசைக்கும் துள்ளி எழுவது, எரிச்சல், தூக்கமின்மை. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையையோ வேலையையோ குலைக்கும்போதுதான் அந்தப் பெயர் சூட்டப்படுகிறது. முழு அறிகுறிகளும் ஆறு மாதமோ அதற்கும் அதிகமான காலமோ கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு என்பதால், "படையிலிருந்து வந்தபோது நன்றாகத்தானே இருந்தார்" என்பது மறுப்பாக நிற்காது. பின்னாலிருந்து தொட்ட கையை உதறியது நான்காவது வகை. மேற்பார்வையாளரின் குறிப்பேட்டில் அது "மேலதிகாரியைத் தாக்க முயன்றார்" என்று இருக்கக்கூடும்.

வேலையிடத்தில் மற்ற அறிகுறிகளும் இப்படியே வேறு பெயரில்தான் பதிவாகின்றன. கூட்டம் நெரியும் உணவறையைத் தவிர்ப்பவர் "ஒட்டாதவர்" ஆகிறார். இரண்டு மணிநேரத் தூக்கத்தோடு காலை ஷிஃப்டுக்கு வருபவர் "கவனக்குறைவானவர்" ஆகிறார். குறிப்பிட்ட ஒரு தேதி நெருங்கும்போது ஆண்டுதோறும் விடுப்பெடுப்பவர் "பொறுப்பில்லாதவர்" ஆகிறார். இதில் புதுமை ஏதுமில்லை. முதல் உலகப் போரில், குண்டதிர்ச்சி என்று பொருள்படும் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை 1915-ல் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் மருத்துவ ஏட்டில் எழுதிய பிறகும், கோழைத்தனம், ஓடிப்போதல் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் படை தன் வீரர்களையே சுட்டுக்கொன்றது. அவர்களில் பலர் இந்நோயால் தாக்குண்டவர்கள் என்று இன்று கருதப்படுகிறது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கும் சட்டம் 2006-ல்தான் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியதே 1980-ல்தான். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒழுங்கீனம் என்று படிக்கப்படுவதை நோய் என்று படிக்க வைப்பது உங்கள் அண்ணனுக்கு மட்டும் வந்த சுமையன்று, அது தாளில் எழுதப்படும் வரை தானாக நடந்ததுமில்லை.

ஆகவே இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வேலைகளுக்கும் தனித்தனிப் பக்கம். எப்போது சேர்ந்தார், என்ன வேலை, எந்த மாதத்திலிருந்து சிக்கல் தொடங்கியது, எத்தனை நாள் விடுப்பு, எந்த எச்சரிக்கைக் கடிதம் எந்தத் தேதியில், கடைசி நாளில் யார் என்ன செய்தார், யார் பார்த்தார். கடைசி வேலையைப் பற்றி மட்டும் மிக விரிவாக எழுதுங்கள். அவர் பேசத் தயாரில்லையென்றால் நீங்கள் கண்டதை, நீங்கள் கண்டதாகவே எழுதுங்கள். அவர் சொன்னதாக எழுத வேண்டாம். "இரவு மூன்று மணிக்குக் கூடத்தில் விளக்கெரிய உட்கார்ந்திருந்தார், வாசற்பூட்டை நான்கு முறை சோதித்தார்" என்ற வரி, "மிகவும் மனஉளைச்சலில் இருக்கிறார்" என்ற வரியைவிடப் பத்து மடங்கு பயன்படும். குடும்பத்தாரும் உடன் பணியாற்றிய வீரர்களும் நேரில் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் வாக்குமூலத்தைப் பல நாடுகளின் ஓய்வூதிய அலுவலகங்கள் சான்றாக ஏற்கின்றன. கிடங்கில் உடனிருந்த ஒருவர், "பின்னாலிருந்து தொட்டதும் அவர் முகம் வெளிறியது, பிறகு கை நடுங்கியது" என்று இரண்டு வரி எழுதித் தருவாரானால் அதன் மதிப்பு மிகப் பெரிது.

அடுத்து, நிறுவனம் ஏதேனும் தாளில் கையெழுத்துக் கேட்டால் உடனே இட வேண்டாம். "இனி வரமாட்டேன்" என்று வாயால் சொன்னதை முறையான ராஜினாமாவாக மாற்றும் கடிதமாக அது இருக்கலாம். பல நாடுகளில், தகுந்த காரணமின்றித் தானாக வேலையை விட்டவருக்கு வேலையின்மை உதவி மறுக்கப்படும் அல்லது தள்ளிப்போடப்படும். மருத்துவர் சான்றளித்த உடல்நலக் காரணம் தகுந்த காரணமாக ஏற்கப்படுவதும் பல இடங்களில் உண்டு. அவர் உண்மையிலேயே ராஜினாமா கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தால், "சொந்தக் காரணங்களுக்காக" என்று கௌரவமாக எழுதி முடிப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். படைவீரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், பிறரைக் குறை சொல்லக் கூடாதென்று. அந்த இரண்டு சொற்களால் உதவியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "உடல்நலக் காரணத்தால் இப்பணியைத் தொடர இயலவில்லை" என்றால் போதும். நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி இருக்கும். அது பெரும்பாலும் மிகக் குறுகியது. கடிதம் பிரிக்கப்படாமல் மேசையிலேயே கிடப்பது இந்நோயின் தவிர்க்கும் பழக்கத்தோடு கச்சிதமாகப் பொருந்திவிடும் என்பதால், அஞ்சலைப் பிரிக்கும் பொறுப்பை, அவர் சம்மதத்தோடு, நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேலையைக் காக்கும் சட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006-ல் ஏற்கப்பட்டது. அதன் 27-ஆம் பிரிவு வேலை பற்றியது. அமெரிக்காவில் 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டமும், பிரிட்டனில் 2010-ன் சமத்துவச் சட்டமும், இந்தியாவில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மனநோயால் வரும் இயலாமையையும் தம் வரம்புக்குள் கொண்டிருக்கின்றன. வேலை தருபவர் நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்பது இவற்றின் பொதுக் கருத்து. ஆனால் வேலை தருபவருக்கு நோய் இருப்பது தெரிந்திருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் செயல்படும். முன்னறிவிப்பே இல்லாமல் வேலை போன பிறகு "எனக்கு இந்நோய் உண்டு" என்று சொல்வது பலவீனமான வாதம். அந்த வகையில் போன வேலைக்காக வழக்காடும் வாய்ப்பு உங்கள் அண்ணனுக்குக் குறைவாகவே இருக்கலாம். உறுதியாகச் சொல்ல உள்ளூர்த் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

அடுத்த வேலையில் சொல்ல வேண்டுமா என்று கேட்டால், நேர்காணலில் வேண்டாம், சேர்ந்த பிறகு தேவைப்படும் வசதியைக் கேட்கும்போது சொல்லலாம் என்பது என் கருத்து. போரில் என்ன நடந்தது என்று எவருக்கும் விளக்கக் கடமையில்லை. "மருத்துவர் அறிவுரைப்படி, முதுகு சுவரை நோக்கியிருக்கும் இருக்கை, மாறாத ஷிஃப்ட், எழுத்தில் தரப்படும் அறிவுறுத்தல், வாரம் ஒரு சிகிச்சை நேரம் ஆகியவை தேவை" என்பதே முழுக் கடிதமாகவும் இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது. பின்னாலிருந்து தொடாமல் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் இந்த மூன்றாவது வேலை நின்றிருக்கக்கூடும்.

இனி மருத்துவம். அவர் ஏன் மறுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் ஊகிக்க முடியும். மருத்துவரின் முன் உட்கார்ந்தவுடன் எல்லாவற்றையும் சொல்ல வைப்பார்கள் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. முதல் சந்திப்பில் பொதுவாக அப்படி யாரும் வற்புறுத்துவதில்லை. தூக்கம், குடி, எரிச்சல், அன்றாட வாழ்க்கை ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். இந்நோய்க்கு வலுவான ஆய்வுச் சான்றுள்ள உளச்சிகிச்சைகள் சில உள்ளன. தவிர்த்துவந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை ஒன்று. அது பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள். நடந்ததைப் பற்றிய எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்க்கும் முறை இன்னொன்று. அது சுமார் 12 அமர்வுகள், நடந்த சம்பவத்தை விவரித்து எழுதாமலேயே அதைச் செய்யும் வடிவமும் உண்டு. கண் அசைவுகளைப் பயன்படுத்தும் மூன்றாவது முறையும் இருக்கிறது. ஆயுள் முழுக்கச் சோபாவில் படுத்துக் கதை சொல்லும் வைத்தியம் என்ற படம் மனதில் இருந்தால், 12 வாரத்தில் முடியும் பயிற்சி என்று சொல்லிப் பாருங்கள். பயிற்சி என்ற சொல் படையில் இருந்தவருக்கு அன்னியமானதன்று.

மருந்துகளில் செர்ட்ரலின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகிய மூன்றுக்கும் அமெரிக்கப் படைத்துறையும் முன்னாள் படைவீரர் துறையும் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி ஆதரவு தருகிறது. தூக்கத்துக்காக எளிதில் எழுதித்தரப்படும் டயசிபாம் வகை மாத்திரைகளை அதே வழிகாட்டி பி.டி.எஸ்.டி.க்கு வேண்டாம் என்கிறது. உங்கள் அண்ணன் குடிப்பதால் இந்தக் கடைசிக் குறிப்பு முக்கியம்: அவ்வகை மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு ஒடுங்கும் ஆபத்துண்டு. அவர் ஏற்கெனவே அதைப் பல மாதங்களாக உட்கொண்டு வந்தால் திடீரென நிறுத்தக் கூடாது, மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் குடியைச் சட்டென்று நிறுத்துவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

"முதலில் குணமாகட்டும், பிறகு வேலை தேடட்டும்" என்பது குடும்பங்கள் அன்போடு சொல்லும் அறிவுரை. அதை நான் ஏற்பதில்லை, ஆய்வும் அதை ஆதரிக்கவில்லை. பி.டி.எஸ்.டி. உள்ள 541 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை இரு பிரிவாக்கி 18 மாதங்கள் தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2018-ல் வெளியானது. ஒரு பிரிவினர் தற்காலிகப் பயிற்சி வேலையில் வைக்கப்பட்டனர். மற்றப் பிரிவினருக்கு, சிகிச்சைக் குழுவிலேயே ஒரு வேலை ஆலோசகர் இருந்து, அவர்கள் விரும்பும் உண்மையான வேலையை உடனே தேடித்தந்து, சேர்ந்த பிறகும் உடன் நின்றார். அந்த 18 மாதங்களில் பாதிக் காலமாவது வேலையில் நிலைத்தவர்கள் முதல் பிரிவில் 23.3 சதவீதம், இரண்டாம் பிரிவில் 38.7 சதவீதம். இந்த இரண்டாவது முறைக்கு ஆங்கிலத்தில் ஐ.பி.எஸ். (தனிநபருக்கேற்ற வேலையமர்த்தலும் ஆதரவும்) என்ற சுருக்கப்பெயர்; உங்கள் பகுதி மனநல மையத்தில் அப்படி ஒரு சேவை இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 38.7 என்பது பாதிக்கும் குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நான்காவது வேலையும் போகலாம். போனால் அதற்கும் ஒரு பக்கம் நோட்டில் இருக்கட்டும்.

உதவித்தொகைக்கு வருகிறேன். சிகிச்சை பெறும் உரிமையும் இழப்பீடு பெறும் உரிமையும் வெவ்வேறு பாதைகள் என்பதை முதலில் மனதில் கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில், ஒரே ஒரு நாள் முழுநேரப் படைப்பணி செய்தவருக்குக்கூட, நோய்க்கும் பணிக்கும் தொடர்பிருப்பதை நிறுவாமலேயே மனநலச் சிகிச்சை தரப்படுகிறது. அமெரிக்காவில் 1979 முதல் இயங்கும் வெட் சென்டர்கள் என்ற முன்னாள் படைவீரர் ஆலோசனை மையங்கள் தகுதியுள்ளவர்களுக்குக் கட்டணமின்றி ஆலோசனை தருகின்றன. இழப்பீட்டுக்கோ பணியோடு உள்ள தொடர்பைக் காட்டியாக வேண்டும். அமெரிக்காவில் மனநோய்க்கான இயலாமை 0, 10, 30, 50, 70, 100 என்ற சதவீதப் படிகளில் மதிப்பிடப்படுகிறது. ஒரே நோய்க்கு 60 சதவீதமோ அதற்கு மேலோ பெற்றவர், அல்லது பல நோய்களில் ஒன்றாவது குறைந்தது 40 சதவீதமாக இருந்து மொத்தம் 70 சதவீதமோ அதற்கு மேலோ பெற்றவர், அதனால் நிலையான வேலை எதையும் தக்கவைக்க முடியவில்லை என்று காட்டினால், 100 சதவீதத்துக்குரிய தொகையையே பெறலாம். நான்கு ஆண்டுகளில் மூன்று வேலை போன கதை அங்கே அவமானமாக நிற்பதில்லை, சான்றாக நிற்கிறது. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிந்தைய பணியால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு கோரப் பொதுவாக 7 ஆண்டுக் கெடு உண்டு. இந்தியாவில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமே முதல் படி.

மதிப்பீட்டு நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. படையில் "எப்படி இருக்கிறாய்" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அந்தப் பழக்கத்தில், சலவைச் சட்டை அணிந்து, சவரம் செய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "நன்றாக இருக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் எண்ணிலர். மதிப்பீட்டாளர் தன் முன் இருப்பதைத்தான் எழுதுவார். பொய் சொல்லச் சொல்லவில்லை. மோசமான வாரம் எப்படி இருக்கும், அது மாதத்தில் எத்தனை முறை வரும் என்பதைச் சொல்லச் சொல்கிறேன். நீங்கள் எழுதிய நோட்டு அங்கே அவர் கையில் இருக்க வேண்டும். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டு விண்ணப்பம் எழுதித்தர முன்வரும் இடைத்தரகர்களை ஒதுக்குங்கள். முன்னாள் வீரர் சங்கங்கள் அதே வேலையைக் கட்டணமின்றிச் செய்கின்றன. ஒழுங்கீனக் காரணத்தால் படையிலிருந்து அனுப்பப்பட்டவராக இருந்தாலும் கதவு மூடிவிட்டதென்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2014 முதல், பி.டி.எஸ்.டி. காரணமாயிருந்திருக்கக்கூடிய அத்தகைய வெளியேற்றங்களைப் பரிவோடு மறுபரிசீலனை செய்யும்படி உத்தரவு உள்ளது.

வாடகை, கடன் தவணை ஆகியவற்றைத் தவறவிடும் முன்பே உரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். தவறிய பிறகு கேட்கும் அவகாசம் கிடைப்பது கடினம்.

தூக்கமின்மை, குடி, வேலையிழப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் ஒன்றை நேராகக் கேட்டாக வேண்டும்: "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, அண்ணா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் துப்பாக்கியோ சேர்த்துவைத்த மாத்திரையோ இருந்தால் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றுங்கள். அவசர உதவியை அழையுங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணை அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான பிரிவு கிடைக்கும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணிநேரமும், தமிழிலும், பேசலாம்.

கடைசியாக, மேற்பார்வையாளரிடம் நீங்கள் பேசலாமா என்ற கேள்வி. அண்ணனைக் கேட்காமல் வேண்டாம். தன்னைப் பற்றிய உண்மை தன் கையை மீறி வெளியே போவதைத்தான் அவர் இத்தனை நாளும் தடுத்துவந்திருக்கிறார். தங்கை அதைச் செய்தாள் என்று தெரிந்தால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் கேட்க மாட்டார். அவர் சம்மதித்தால், பேசுவதைவிட எழுதுவது நல்லது. அன்று நடந்ததற்கு வருத்தம், திடீரெனத் தொட்டதால் வந்த உடல்நலம் சார்ந்த எதிர்வினை அது, பணிநீக்கமோ ராஜினாமாவோ எப்படிப் பதிவாகியுள்ளது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன் என்ற மூன்று செய்திகள், அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். அந்தக் கடிதத்தின் வரைவை நீங்கள் எழுதி மேசையில் வையுங்கள். அவர் உடனே எடுக்க மாட்டார். ஏதோ ஓர் இரவு மூன்று மணிக்கு, கூடத்து விளக்கடியில் தானாக எடுத்துத் திருத்துவார்.